ஆறாவது மாதம் வருகிறவர்கள்

படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளியை ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்ள முடியும் என்று மலப்புறத்துச் சாதாரண மக்கள் செய்துகாட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தத் தன்னார்வலர்கள் உருவாக்கிய அக்கம்பக்கம் பற்றி ஒரு சிறப்புப் பார்வை.

நம் தெருவில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அந்த வீட்டு வாசலில் செருப்பு விட இடமிருக்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் மேசையில் குவியும். இரண்டாவது மாதம் போனில் விசாரிப்பார்கள். ஆறாவது மாதம் யாரும் வருவதில்லை. அதற்காக ஊரில் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. போய் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாத தயக்கம், வெறுங்கையோடு போகக் கூடாதே என்ற கூச்சம், அந்த அறையின் வாடையில் தம்மை அறியாமல் முகம் சுளித்துவிடுவோமோ என்ற பயம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

உள்ளே படுத்திருப்பவருக்கோ ஆறாவது மாதம்தான் ஆள் தேவை. அப்போதுதான் முதுகில் புண் வந்திருக்கும். கையிருப்பு கரைந்திருக்கும். தூக்கித் தூக்கி மாற்றிப் படுக்க வைக்கும் மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ரேஷன் கடை வரைகூட அவரால் போய்வர முடியாது.

கேரளத்தின் மலப்புறம், கோழிக்கோடு மாவட்டங்களில் அந்த ஆறாவது மாதத்தில் கதவைத் தட்டுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், கல்லூரி மாணவி, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பி வரும் இல்லத்தரசி. சம்பளம் கிடையாது. எல்லாரும் அதே ஊர், அதே வார்டு. ஊர்க்காரர்கள் அவர்களைச் சுருக்கமாக 'பாலியேட்டிவ்காரர்கள்' என்று சொல்வார்கள். குணப்படுத்த முடியாத நோயில் வலியையும் வேதனையையும் குறைத்து, கடைசி நாள் வரை கூட இருக்கும் மருத்துவத்தைத்தான் அவர்கள் அந்த ஆங்கிலப் பெயரில் அழைக்கிறார்கள். தமிழக அரசு அதை நோய் ஆதரவு சேவை என்கிறது.

2010-இல் எகனாமிஸ்ட் புலனாய்வுப் பிரிவு 40 நாடுகளை எடுத்துக்கொண்டு, மக்கள் எவ்வளவு வேதனையின்றி, கண்ணியமாக இறக்க முடிகிறது என்று தரவரிசை போட்டது. இந்தியாவுக்குக் கடைசி இடம். அதே அறிக்கை கேரளத்தைத் தனியே எடுத்துப் பேசியது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் மட்டுமே உள்ள அந்த மாநிலம், நாட்டில் கிடைக்கும் இந்தச் சேவையில் மூன்றில் இரண்டு பங்கை அளிக்கிறது என்றது. 2022-இல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கையும், மரணத்தை மருத்துவமனையிலிருந்து சமூகத்தின் கைக்குத் திரும்பக் கொண்டுவருவதற்குக் கேரளத்தையே முன்மாதிரியாகக் காட்டியது.

இத்தனையும் மருத்துவத்துக்குக் கிடைத்த பாராட்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. நோயாளியைப் பார்க்கக் கிளம்பிய இந்த மனிதர்கள், போகிற போக்கில் ஓர் ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக் கஷ்டம் இன்னொருவருக்குத் தெரியும், தெரிந்தால் வந்து நிற்பார்கள் என்ற நம்பிக்கை உள்ள ஊர். அரசாங்க ஆணையாலும் நன்கொடையாலும் அதைக் கொண்டுவர முடியாது. தன்னார்வலர் என்பவரின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

ஓர் அறையில் தொடங்கியது

தொடங்கி வைத்தவர்கள் மருத்துவர்கள்தாம். 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்களான எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும், மருத்துவத்துக்கு வெளியே இருந்து வந்த நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். மருத்துவமனைக்குள் சிறிய வெளிநோயாளர் பிரிவு. புற்றுநோய் முற்றி, "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள்.

அவர்களுக்கு முதல் தேவை மார்ஃபின். அபினிலிருந்து எடுக்கும் இந்த மருந்தின் மாத்திரை விலை அதிகமில்லை. மருத்துவ உபயோகத்துக்கான அபினைச் சட்டப்படி சாகுபடி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அதற்கென்று உரிமம் பெற்ற விவசாயிகள் இருக்கிறார்கள். ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருப்பதற்கு உரிமம் மேல் உரிமமாகக் கேட்டதால் மருத்துவமனைகள் அந்தப் பக்கமே போவதை விட்டுவிட்டன. நாடு முழுக்க நோயாளிகள் வலியில் துடித்தார்கள். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆண்டுக்கணக்காக டெல்லியின் கதவுகளைத் தட்டிய பிறகு 2014-இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கோழிக்கோட்டுக் கிளினிக்குக்குக் கூட்டம் சேரச் சேர ஒரு கேள்வி எழுந்தது. வயநாட்டிலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் பஸ்ஸிலும் ஜீப்பிலும் இவ்வளவு தூரம் வர முடிந்தவர்கள் வருகிறார்கள். எழுந்திருக்கவே முடியாதவர்கள்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஊர் ஊராகத் துணை கிளினிக்குகள் திறந்து பார்த்தார்கள். அங்கேயும் வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதும் நோயாளி பழையபடி தனியாகிவிட்டார்.

இன்னொன்றும் பிடிபட்டது. நீண்ட நாள் நோயாளி ஒருவருடைய கஷ்டங்களைப் பட்டியல் போட்டால் அதில் மருத்துவர் தீர்க்கக்கூடியவை சிலதான். வலி, வாந்தி, மூச்சுத்திணறல், புண். மீதி எல்லாம் வேறு. வீட்டில் அரிசி இல்லை. மகள் படிப்பை நிறுத்திவிட்டாள். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. கடன்காரர் வாசலில் நிற்கிறார். "நான் என்ன பாவம் செய்தேன்" என்று இரவெல்லாம் அழுகை. லண்டனில் 1967-இல் முதல் நவீன ஆதரவு மருத்துவமனையை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் 'மொத்த வலி' என்றார். உடல், மனம், குடும்பம், நம்பிக்கை என நாலும் சேர்ந்த வலி. இதில் மூன்றுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. அவற்றைத் தீர்க்க அக்கம்பக்கத்தில் இருப்பவர்களால்தான் முடியும்.

1990-களின் கடைசியில் மலப்புறத்தில் தொடங்கிய முயற்சி இந்த இடத்திலிருந்து புறப்பட்டது. மருத்துவர் நடத்துகிற சேவைக்கு ஊர்க்காரர்கள் கைகொடுப்பது அதுவரை இருந்த முறை. ஊர்க்காரர்கள் நடத்துகிற சேவைக்கு மருத்துவரும் செவிலியரும் கைகொடுப்பது புதிய முறை. அதுதான் பின்னர் அக்கம்பக்க வலைப்பின்னல் என்று பெயர் பெற்றது.

எதைச் சொல்லக் கூடாது

வாரத்தில் குறைந்தது 2 மணி நேரம் தர முடியுமா? இது ஒன்றுதான் நிபந்தனை. ஒப்புக்கொண்டவருக்கு 16 மணி நேர வகுப்பு, அதன் பிறகு அனுபவசாலிகளோடு வீடுகளுக்குப் போய் நேரடிப் பயிற்சி. பிறகு ஒரே பகுதியைச் சேர்ந்த 10, 15 பேர் ஒரு குழுவாகிறார்கள். தங்கள் பகுதியில் படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த வகுப்பில் பெரிய பாடம் பேச்சு. பேச்சு என்பதைவிட, பேசாமல் இருப்பது என்று சொல்ல வேண்டும். நம் எல்லாருடைய வாயிலும் தயாராக இருக்கும் வாக்கியங்கள் சில உண்டு. "ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க." "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க." "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது." இவற்றைச் சொல்லக் கூடாது என்று அங்கே கற்றுத் தருகிறார்கள். "கவலைப்படாதீங்க" என்று சொன்ன மறுகணம் நோயாளி வாயை மூடிக்கொள்வார். தன் கவலையைக் கேட்க இவருக்கு மனமில்லை என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக "ராத்திரி தூக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அழுதால் தடுக்கக் கூடாது. எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நழுவவும் கூடாது.

இதைப் படிக்கும்போது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் அழும்போது எதிரே சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று. வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் பார்க்க வந்தவராகவும் நடித்துப் பழகுகிறார்கள். நோயாளியாக நடிப்பவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார். மேலிருந்து குனிந்து பார்க்கிற முகம் எப்படி இருக்கும், கையைத் தொட்டுப் பேசினால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு நாள் வீட்டுச் சுற்று

காலையில் கிளம்பும் வண்டியில் ஒரு செவிலியர், ஓட்டுநர், இரண்டு தன்னார்வலர்கள். பையில் பஞ்சு, கட்டுத்துணி, சிறுநீர்க் குழாய், கையுறை, சலைன், வலி மாத்திரைகள், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனிக் குறிப்பேடு. மலப்புறத்தில் வீடுகள் தென்னந்தோப்புக்குள் தள்ளித் தள்ளி இருக்கும். வண்டி போகாத இடத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வரப்பிலும் படிக்கட்டிலும் நடக்க வேண்டும். வழி காட்டுவது அந்த வார்டுத் தன்னார்வலரின் வேலை. எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கும், எந்தக் கிழவருக்குக் காது கேட்காது என்பது வரை அவருக்கு அத்துப்படி.

வாய்ப் புற்றுநோய் முற்றியவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். கன்னம் துளைத்துக்கொண்டு புண் வெளியே வந்திருக்கும். வாடை தாங்காது. அந்த வாடைக்குப் பயந்துதான் உறவுகள் ஒதுங்கியிருக்கும், பேரப்பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், நோயாளியே வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். இதற்கு வைத்தியம் மிக மலிவானது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, தினமும் சுத்தம் செய்து கட்டினால் சில நாட்களில் வாடை அடங்கும். செவிலியர் முதலில் செய்து காட்டுவார். பிறகு மனைவியையோ மகனையோ செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்பார். தன்னார்வலர் நடுவில் ஒருநாள் போய், சரியாக நடக்கிறதா என்று பார்ப்பார். வாடை போனதும் பேரன் உள்ளே வருகிறான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலோடு திரும்பாமல் கட்டிலருகே வந்து உட்காருகிறார். சில ரூபாய் மாத்திரையும் ஒரு மனிதரின் விடாமுயற்சியும் சேர்ந்தால் ஒரு குடும்பம் திரும்பவும் தெருவோடு ஒட்டிக்கொள்ள முடிகிறது.

செவிலியர் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு தன்னார்வலர் சமையலறைப் பக்கம் போவார். அங்கேதான் அந்த வீட்டின் உண்மை நிலை இருக்கிறது. அடுப்பில் என்ன இருக்கிறது, பாத்திரம் காலியா, அந்த அம்மா காலையில் ஏதாவது சாப்பிட்டாரா?

"சேச்சி, நீங்க வெளியே போய் எவ்வளவு நாளாச்சு?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது, கண்ணீர்தான் வரும். அடுத்த வாரம் ஒரு மதியம் தன்னார்வலர் ஒருவர் வந்து நோயாளியோடு உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வருவார். மருத்துவக் குறிப்பேட்டில் இதற்கு இடம் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் அந்த வாரம் கொடுக்கப்பட்ட மிகச் சிறந்த மருந்து அதுவாகத்தான் இருக்கும்.

அரிசி, பருப்பு, எண்ணெய் மாதாமாதம் போகிறது. படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் ஜூனில் நோட்டும் பையும் போகின்றன. தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞர்களுக்குக் குடை தயாரிக்கக் கற்றுக்கொடுத்து, மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் குடைகளைத் தன்னார்வலர்களே கடைகளிலும் பள்ளிகளிலும் விற்றுத் தருகிறார்கள். மரத்திலிருந்து விழுந்தவர்களும் பைக் விபத்தில் அடிபட்டவர்களும் இவர்களில் நிறைய. இருபது வயதில் படுத்தவருக்கு இன்னும் நாற்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அவருக்குத் தேவை சாவுக்குத் துணை அல்ல, வேலையும் நண்பர்களும். புற்றுநோய்க்கென்று தொடங்கிய அமைப்பு பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, முதுமை, மனநோய் என்று விரிந்ததற்குக் காரணம், ஊருக்குள் போன தன்னார்வலர்கள் அவரவர் கண்ணில் பட்டவர்களை விட்டுவிட்டு வர மறுத்ததுதான். "இவருக்குப் புற்றுநோய் இல்லை, அதனால் நம் பட்டியலில் வராது" என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரரால் எப்படிச் சொல்ல முடியும்?

சில்லறையின் பலம்

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி உள்ளூரிலிருந்து, சிறுகச் சிறுக. கடை மேசையில் உண்டியல், பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் கொண்டுவரும் சில்லறை, மாதம் 10 ரூபாய் தருவதாகப் பெயர் எழுதிக் கொடுத்த வீடுகள், ஒருநாள் வசூலை முழுக்கக் கொடுத்துவிடும் தனியார் பஸ்கள், கல்யாண வீட்டில் ஆடம்பரத்தைக் குறைத்து ஒதுக்கிய தொகை, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்த்து அனுப்புவது. ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் நாள். அன்று பஸ் நிலையத்திலும் கடைவீதியிலும் மாணவர்கள் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரே ஒரு பணக்காரரிடம் கேட்டால் ஒரு காசோலையில் முடிந்துவிடுமே என்று தோன்றலாம். முடிந்துவிடும், அதுதான் ஆபத்து. காசோலை கொடுத்தவருக்கு மட்டும் அது சொந்தமாகிவிடும். 10 ரூபாய் கொடுத்தவர் ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் பேரும் "நம்ம கிளினிக்" என்பார்கள். வண்டி ஏன் இந்த வாரம் எங்கள் பக்கம் வரவில்லை என்று உரிமையோடு கேட்பார்கள். தங்கள் வீட்டில் ஒருவர் விழும்போது கூச்சமில்லாமல் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் தர்மம் வாங்கவில்லை, தாங்களும் போட்டு வைத்ததைத்தான் எடுக்கிறார்கள். கிராமத்துச் சீட்டு மாதிரி.

மலப்புறத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. ஒரே குழுவில் மசூதிக்குப் போகிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் இருப்பார்கள், எதிரெதிர்க் கட்சிக் கொடி பிடிக்கிறவர்களும் இருப்பார்கள். தேர்தல் நேரத்தில் முகம் கொடுத்துப் பேசாத இருவர் ஒரு நோயாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. ஒற்றுமை பற்றி மேடையில் ஆயிரம் பேசலாம். ஒருவரை அசையாமல் தூக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சுப் பிடித்தாக வேண்டும்.

கேரளத்துக்கு இது வானத்திலிருந்து விழவில்லை. பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கி வைத்த நூலக இயக்கம் ஊர்தோறும் மாலையில் கூடிப் பேச ஓர் இடம் கொடுத்திருந்தது. 1991 ஏப்ரல் 18-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டபோது, அதற்காகப் பைசா வாங்காமல் இரவுகளில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு தலைமுறை அங்கே தயாராகியிருந்தது. 1996-இல் மக்கள் திட்டம் வந்து பஞ்சாயத்துகளுக்குப் பணமும் அதிகாரமும் போயின. 1998-இல் குடும்பஸ்ரீ பெண்களைத் தெருத்தெருவாகக் குழு சேர்த்தது. பழகிய கைகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கு முன்னால் புதிதாக ஒரு வேலை வைக்கப்பட்டது.

விரிசல்களும் உண்டு

2008-இல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் அதுதான். அதன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் வீட்டுக்குப் போகும் செவிலியர் நியமிக்கப்பட்டார். மருந்துக்கு நிதி ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம், ஏழை நோயாளிக்கு அது உரிமை. தன்னார்வலர்களை நம்பி அரசு தன் கடமையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அரசுச் சேவை வந்ததும், செவிலியர்தான் மாதம் ஒருமுறை போகிறாரே என்று ஊர்க்காரர்கள் சில இடங்களில் பின்வாங்கினார்கள். வேறு சில இடங்களில் தன்னார்வலர் பணம் திரட்டுகிறவராகவும் வண்டிக்கு வழி காட்டுகிறவராகவும் சுருங்கிவிட்டார். முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை. இப்படி ஆகிவிட்டால் அந்த அமைப்பு மெல்ல மெல்ல இன்னோர் அலுவலகமாகிவிடும். தன்னார்வலரை எடுபிடியாக நடத்துகிற எந்த அமைப்பும் அவரை இழந்துவிடும். அவருக்குச் சம்பளம் இல்லை, ஆகவே மரியாதையும் பொறுப்பும்தான் அவரைக் கட்டி வைக்கின்றன. எந்த வீட்டுக்கு முதலில் போவது, இந்த மாதம் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு என்பதை அவர் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கணக்குப் புத்தகம் அவர் கண்முன் திறந்திருக்க வேண்டும்.

தன்னார்வலரின் மனச்சோர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாராவாரம் பார்த்துப் பேசிப் பழகிய மனிதர் ஒருநாள் இறந்துவிடுவார். அதற்கு அடுத்த வாரம் இன்னொருவர். எவ்வளவு திடமான மனதும் தேயும். நன்றாக நடக்கும் குழுக்களில், இறப்புக்குப் பிறகு எல்லாரும் கூடி அந்த மனிதரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். குடும்பத்தை விட்டுவிடாமல் சில மாதங்கள் போய்வருகிறார்கள். அப்படித் தொடர்ந்து போன வீடுகளிலிருந்து, துக்கம் ஆறிய பிறகு மகனோ மகளோ தாங்களும் வருகிறோம் என்று பயிற்சி வகுப்புக்கு வந்து சேருவது உண்டு.

நம் பக்கம்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் ஊக்கத்தொகையோடு இந்த வேலையைச் செய்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவு செவிலியரும் படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். 2024-இல் இதற்கு ஐ.நா.வின் விருது கிடைத்தது. கேரளம் தன்னார்வலர்களில் தொடங்கி அரசுக்குப் போனது. நாம் அரசில் தொடங்கியிருக்கிறோம். செவிலியர் வந்துவிட்டுப் போன பிறகு மீதமிருக்கும் நாட்களில் அந்த வீட்டுக்குள் யார் நுழைகிறார்கள் என்பதுதான் நாம் நிரப்ப வேண்டிய இடம்.

நம்மால் முடியாது என்று யாராவது சொன்னால் அவர்கள் 1990-களின் தொடக்கத்துப் புதுக்கோட்டையை மறந்துவிட்டார்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கத்தில், கல்குவாரித் தொழிலாளிப் பெண்களுக்கும் வயல்வேலைப் பெண்களுக்கும் இரவில் லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும்தான். அந்தப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது முன்பின் தெரியாதவர்கள் படகிலும் கழுத்தளவுத் தண்ணீரிலும் போய்ச் சாப்பாடு கொடுத்தார்கள். மனசு நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் கலைந்துபோனோம், அவ்வளவுதான். வெள்ளம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. மூன்றாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் மூன்று வருடமாகப் படுத்திருக்கும் ஒருவர் தெரிவதில்லை.

தெரியாதவர்கள் பெருகத்தான் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்களின் விகிதம் கேரளத்தில் 12 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டில் அப்போதே 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற தகவல் நிமிடத்தில் வருகிறது. பி பிளாக்கில் ஒரு பெரியவர் விழுந்து தொடை எலும்பு முறிந்து நாலு மாதமாகிறது என்பது அந்தக் குழுவில் வருவதில்லை.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நாலைந்து தெருக்களுக்கு 10 பேர், வாரத்துக்கு ஆளுக்கு 2 மணி நேரம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோய் ஆதரவு செவிலியரிடம் போய் நாங்கள் இப்படி 10 பேர் இருக்கிறோம் என்று சொன்னால், அவர் சந்தோஷப்படுவார், பயிற்சிக்கும் வழி சொல்வார். வண்டி வேண்டாம், கட்டடம் வேண்டாம். முதல் மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் போதும், நம் தெருக்களில் படுக்கையில் இருப்பவர்கள் யார் என்று எழுதி வைக்க. வீடு வீடாகப் போய்க் கேட்டால் பலர் சொல்லமாட்டார்கள். நோயை மறைக்கிற வீடுகள் உண்டு, மனநோயென்றால் இன்னும் அதிகம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தினமும் வாசல் வரை போகிறவர்களிடம். முதியோர் உதவித்தொகை கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கு, கைரேகை வைக்கக்கூட எழுந்து வர முடியாதவர் யார் என்று தெரியும். மருந்துக்கடைக்காரருக்கு, யார் வீட்டுக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் போகிறது என்று தெரியும். பால் போடுகிற அண்ணனுக்கும் குப்பை எடுக்கிற அக்காவுக்கும் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவர்களையும் அந்த 10 பேரில் சேர்த்துக்கொண்டு, நோட்டின் முதல் பக்கத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதலாம்.